மூன்றாவது ஆளுக்குச் சொல்லாத கலவை

காஜா பெராங், மலாக்கா.
14-7-1957

மரியாதைக்குரிய நல்லையா அண்ணன் அவர்களுக்கு, சேதுராமன் வீட்டுச் சந்திரமதி வணக்கம் சொல்லி எழுதுவது.

அறந்தாங்கியில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டதா, எழுந்து உட்காருகிறார்களா என்று விவரமாக எழுதவும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அந்த வரியை எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சிநேகிதர் எழுதும் கடிதங்களில் வியாபாரத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

முதலில் வியாபாரத்தையே சொல்லிவிடுகிறேன். இரட்டைத் தென்னை மார்க் கறித்தூள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கே நம்பமுடியாது. முன்பு பசாரில் அரைத்த மசாலையை இலையில் மடித்து வாங்கிப்போன பெண்களெல்லாம் இப்போது நம் பொட்டலத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். ஜாசின், தம்பின், மூவார் வரைக்கும் எஸ்டேட் கடைகளுக்கு வேன் போகிறது. அடுத்த மாதம் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறதல்லவா, கோயில்களிலும் சங்கங்களிலும் விருந்து வைக்கப்போகிறார்களாம், எல்லாருக்கும் நம் தூள்தான் வேண்டுமாம். கையில் கடன் இல்லை, யாரோடும் வழக்கு இல்லை. வறுக்கிற பெண்களுக்குத் தலைவி பொன்னம்மா மேலும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் கலவை போட ஆள் ஒருவர்தானே அண்ணா. நீங்கள் இருந்தவரை ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் அவர் என்று கதவைச் சாத்திக்கொண்டு போட்டீர்கள். தைப்பூசம் முடிந்து நீங்கள் கப்பலேறிய நாளிலிருந்து எல்லா வாரமும் அவருடையதாகிவிட்டது. மல்லி எந்தப் பக்குவத்தில் இறங்க வேண்டும் என்று மூக்கால் பார்த்துச் சொல்வதும் அவரே, எடை போடுவதும் அவரே, கலப்பதும் அவரே. கடைசிப் பொட்டலம் ஒட்டும்வரை மில்லைவிட்டு நகர்வதில்லை. சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு அனுப்புகிறேன். பாதி நாள் அப்படியே திரும்பி வருகிறது.

எல்லாம் அந்தச் சூடத்தால் வந்த வினை. மில் தொடங்கிய அன்று பிள்ளையார் கோயிலில் இரண்டு பேரும் சூடம் கொளுத்தி, அணைத்து, இந்தக் கலவை மூன்றாவது ஆளுக்குப் போகாது என்று சத்தியம் செய்தீர்கள். நானும் பக்கத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றேன். பெண்டாட்டிக்குத் தெரிந்தால் பசாருக்கே தெரியும் என்று நீங்கள்தான் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். கூட்டு வியாபாரத்தைக் கெடுப்பது மச்சான்மாரும் பெண்டாட்டிமாரும்தான் என்று எந்தப் புண்ணியவான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை.

சென்ற வாரம் ஒன்று நடந்தது. மில்லில் மல்லி தீய்ந்துவிட்டது. பின்கட்டில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் வாசனை தெரிந்து பொன்னம்மா ஓடிவந்து பார்த்தால், உங்கள் சிநேகிதர் அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாராம். மொதலாளி, கருகுதுல்ல என்று அவள் கத்தியதும், "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றாராம். வீட்டுக்கு வந்ததும் நான் கேலி செய்தேன். மலாக்காவிலேயே பெரிய மூக்கு என்று பேர் வாங்கியவருக்கு ஜலதோஷமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஜலதோஷம் இல்லை, ரொம்ப நாளாகவே இப்படித்தான், எதை மோந்தாலும் மரத்தூள் மாதிரி இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அப்படியே போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்னொன்று. நம் பக்கத்து வீடு, கம்போங் செட்டி மீனாச்சி அக்கா உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் செட்டிகள், பேச்செல்லாம் மலாய், சாமியெல்லாம் நம் சாமி. பழக்காலம் வந்தால் செத்துப்போனவர்களுக்கு வாழையிலை போட்டுப் படைப்பார்களே, பார்ச்சு, அதற்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சோறும் கறியும் மங்குஸ்தீனும் டுரியானுமாக வரிசையாக இலை போட்டு, மறைப்புக் கட்டி, பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எல்லாரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். இவர் அந்த மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீனாச்சி அக்காவிடம், பிள்ளை இல்லாதவன் செத்தால் அவனுக்கு யார் இலை போடுவார்கள் என்று மலாயில் கேட்டார். அக்கா சிரித்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேர்த்தே நான் போட்டுவிடுவேன், ஒரு இலைதானே என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் இவர் முகத்தையே பார்த்தேன்.

எனக்கு வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள் என்று உங்கள் கையால் இரண்டு வரி அவருக்கு எழுதுங்கள். நான் எழுதச் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, உங்கள் அன்புத் தங்கை,
சந்திரமதி


காஜா பெராங், மலாக்கா.
19-9-1957

அன்புள்ள நல்லையா அண்ணனுக்குச் சந்திரமதி எழுதுவது. அம்மா கைப்பிடித்து நடக்கிறார்கள் என்று படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. அந்த ஒரு பக்கத்தை இரண்டு தரம் படித்தேன்.

மறுபக்கத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். ஓய்வெடுக்கச் சொல்லி எழுதுங்கள் என்று நான் கேட்டேன். நீங்கள் என்னடாவென்றால், இதுதான் பறக்கிற நேரம், நாடே எழுந்து நிற்கிறது, அடுத்த வருஷம் சிங்கப்பூரில் ஒரு மில் போட்டுவிடலாம், நீ சிங்கம்டா என்று எழுதியிருக்கிறீர்கள். உற்சாகப்படுத்தினால் தெளிந்துவிடுவார் என்று நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள், புரிகிறது. ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அவர் அந்தத் தாளை வாங்கி மடித்தார், மறுபடி மடித்தார், இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மெர்டேக்கா ஆயிற்று. பண்டார் ஹிலிர் முழுக்க விளக்கு, கொடி, கூட்டம். மீனாச்சி அக்கா புதுக் கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். இவர் வரவில்லை, மில்லில் இருந்தார். கேட்ட இடத்துக்கெல்லாம் தூள் போய்ச் சேர்ந்தது. ஒரு பொட்டலமும் மிச்சமில்லை. அதோடு சுமை குறையும், மனிதர் சரியாகிவிடுவார் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் சங்கத்துச் செயலாளர் கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்தார். சேது ரொம்ப வாடிப்போயிருக்கிறார், ஒரு பாராட்டு விழா வைத்தால் முகம் மலர்ந்துவிடும் என்றார். நம்மவர்களுக்கு எந்த நோய்க்கும் ஒரு மாலை, ஒரு பொன்னாடை, ஆறு பேச்சாளர். சுதந்திர நாட்டின் தமிழ்த் தொழிலதிபர் என்று நோட்டீசு அடித்துவிட்டார்கள். மேடையில் ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். கடைசியில் இவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். வாய் திறக்கவேயில்லை அண்ணா. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன அடக்கம் பாருங்கள் என்று கலியாணசுந்தரம் சொல்ல, கூட்டம் கைதட்டியது. நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இத அந்த சேதுராமன்கிட்ட குடுத்துரு" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து, எந்தச் சேதுராமன், விலாசம் என்ன என்று நானும் விளையாட்டாகவே கேட்டேன். "தெரியல, முன்ன இங்கதான் இருந்தான்" என்றார்.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார். காலையில் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காருகிறார். ஒரு கையைச் சட்டைக்குள் விடுகிறார். அடுத்த கையை விட மனம் வராமல் அப்படியே இருக்கிறார். நான்தான் போய் மாட்டிவிடுகிறேன். குளிக்கச் சொன்னால் அப்புறம் என்கிறார். சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே விட்டுவிடுகிறார். மில் இஞ்சின் கிளம்புகிற சத்தம் இங்கே வரை கேட்கும். அது கேட்டதும் கண்ணில் நீர் வழிகிறது. அழுகிறீர்களா என்று கேட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆமா என்கிறார். ஆனாலும் போகிறார். அவர் போகாவிட்டால் கலவை போட ஆளில்லை, கலவை இல்லாவிட்டால் அத்தனை பெண்களுக்கும் வேலை இல்லை.

அங்கே போயும் நிம்மதி இல்லை. மூக்குக்கு வாசனை தெரியாததால் எல்லாம் கெட்டுவிட்டது என்று சந்தேகம். நல்ல தூளையெல்லாம் கொட்டச் சொல்கிறார். பொன்னம்மா கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சுகிறாளாம், மொதலாளி, நான் மோந்து பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்குது என்று. கேட்கமாட்டேன் என்கிறார். மறுபடி வறு, மறுபடி அரை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். மார்பில் குழாய் வைத்துப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை, குதிரை மாதிரி இருக்கிறார் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். எனக்குச் சந்தோஷம். இவர் மூன்று சக்கரத் திரிஷாவில் வரும்போது, "நல்லா இருக்கேனாம். அப்ப இது என்னா?" என்று கேட்டார். ஏதாவது ஒரு வியாதியின் பேரை அந்த டாக்டர் சொல்லித் தொலைத்திருக்கலாம். படுத்திருக்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கண்ணேறு என்கிறார்கள். குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டோம் என்கிறார்கள். என் வயிற்றில் ஒன்றும் தங்காததால்தான் என்று என் காது படவே ஒருத்தி சொன்னாள், அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். மீனாச்சி அக்கா மட்டும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஹாத்தி பெனாட்" என்றார்கள். நெஞ்சு களைத்துப்போச்சு என்று அர்த்தம். சொன்னது சரியாக இருந்தது. அதற்கு மருந்து என்னவென்று கேட்டால் ஏழு வகைப் பூப் போட்டுத் தலைக்கு ஊற்று என்றார்கள். ஊற்றினேன். குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார், பூவெல்லாம் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சத்தியத்திலிருந்து அவரை விட்டுவிடுங்கள். கலவையை எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் போடுங்கள். நான் மில்லுக்குப் போகிறேன், அவர் வீட்டில் இருக்கட்டும். கேட்டுப் பார்த்தேன், சூடம் அணைத்தது நான் தனியாக இல்லை, நல்லையாவும் சேர்ந்து அணைத்தது என்கிறார். உங்கள் வாயால் வந்தால்தான் உண்டு. உங்கள் பாதிப் பங்கு போய்விடும் என்று பயந்தால், நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சூடம் அணைக்கிறேன். அவருடைய மச்சான்மாருக்குச் சொல்லமாட்டேன், எனக்கு அண்ணன் தம்பியே கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரியும். தாமதிக்காமல் எழுதுங்கள் அண்ணா.

உங்களையே நம்பியிருக்கும்,
சந்திரமதி


காஜா பெராங், மலாக்கா.
21-11-1957

நல்லையா அண்ணனுக்கு,

தீபாவளிக்கு முன்பே உங்கள் கடிதம் வந்துவிட்டது. உடனே பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. இன்று மீனாச்சி அக்கா இவருக்குக் காவலாக முன்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்கள். அந்த நேரத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு எழுதுகிறேன், உன்னைச் சத்தியத்திலிருந்து விட்டுவிட்டேன், தங்கச்சிக்குச் சொல்லிக்கொடு, அவள் பார்த்துக்கொள்வாள் என்று அழகாக எழுதியிருந்தீர்கள். நான் வாசித்துக் காட்டினேன். "நெசமாவா எழுதியிருக்கான்?" என்று கேட்டு மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை அவரே வாங்கி வாசித்தார். அன்று என்னிடம் கேட்காமலே குளித்தார். முகம் மழித்துக்கொண்டார். வா மில்லுக்குப் போவோம் என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். மல்லி இத்தனைக்கு மிளகாய் இத்தனை, சோம்பு எப்போது, சீரகம் எப்போது, வெந்தயத்தில் மட்டும் கை நீளக்கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னார். என் கையைப் பிடித்து மல்லிக்குள் விட்டு, "சூட்ட கை சொல்லும், பயப்படாத" என்றார். எத்தனை மாதம் கழித்து என் கையைப் பிடித்தார் தெரியுமா? எந்தக் கடைக்காரன் வம்பு பேசுவான், எவன் நல்லவன், இஞ்சின் முரண்டு பிடித்தால் யாரைக் கூப்பிடுவது எல்லாம் சொன்னார். பொன்னம்மாவைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, இனிமேல் அக்கா சொல்வதைக் கேள், அவளைவிட்டு எங்கேயும் போய்விடாதே என்றார். பொன்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சந்தோஷத்தில். எனக்கும் அப்படித்தான். வீட்டில் மீன்கறிக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் நல்லையா அண்ணன் நூறு வருஷம் இருக்கவேண்டும் என்று உங்கள் பேரைச் சொல்லிப் பிள்ளையாருக்கு விளக்கேற்றினேன்.

மறுநாள் காலை வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கிளேபாங் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு பார்த்தால் கைக்கடிகாரமும் மில் சாவியும் அரிசிப் பானை மேல் இருந்தன. மறதி தீரவில்லை மனிதருக்கு என்று நான் சிரித்துக்கொண்டேன். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நானே மில்லுக்குப் போய் முதல் கலவையைப் போட்டேன். நன்றாக வந்தது. அதை அவரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு பொட்டலம் தனியாக எடுத்து வைத்தேன்.

ஒரு மலாய்க்கார மீனவர் அவரை மீன் லாரியில் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். கிளேபாங் கடலில் கழுத்தளவு தண்ணீரில், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாராம். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டும் திரும்பவில்லையாம். இந்த மனிதர் நீந்திப்போய்க் கையைப் பிடித்திருக்கிறார். எங்கே போறே என்று கேட்டதற்குக் குளிக்க வந்தேன் என்றாராம். அந்த மீனவர் என்னிடம் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். காப்பி கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார். அவர் குடும்பம் நன்றாக இருக்கவேண்டும்.

ஊரெல்லாம் குளிக்கப் போனதாகவே நம்புகிறது. கலியாணசுந்தரம் வந்து, கடல் குளியல் உடம்புக்கு ரொம்ப நல்லது, நானும் போகணும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஆமாம் என்றேன்.

அவர் தலையைத் துவட்டும்போது ஏன் என்று மட்டும் கேட்டேன். திட்டவில்லை, அழவில்லை. அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார், "ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்ல இனிமே." அவ்வளவுதான் அண்ணா. அந்தக் கலவை ஒன்றுதான் அவரைப் பிடித்துவைத்திருந்தது. அதை இறக்கிவைத்தால் மூச்சுவிடுவார் என்று நினைத்து நான் கேட்டேன், நீங்களும் மனமுவந்து கொடுத்தீர்கள். நம் இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்று மீனாச்சி அக்கா சொல்கிறார்கள். சுமந்தாலும் போகிறார், இறக்கினாலும் போகிறார் என்றால் நான் என்னதான் செய்ய முடியும்?

கொஞ்சம் பொறுங்கள். உள்ளே சத்தத்தைக் காணோம்.

இருக்கிறார். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு நாளில் எத்தனை முறை இப்படிப் போய்ப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், நீங்கள் யாருக்கும் சொல்லக்கூடாது. இரண்டு நாள் அவரைவிட்டு அசையாமல் இருந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. மில்லுக்குப் போய் வெந்தயத்தை வேண்டுமென்றே அள்ளிப் போட்டுக் கலந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தேன். என்னமோ சரியாக வரவில்லை, நீங்கள் சொன்னது எனக்கு மறந்துவிட்டது, கொஞ்சம் பாருங்கள் என்றேன். எனக்கு எங்கே வாசனை தெரியப்போகிறது என்றார். நாக்கில் வைத்துப் பாருங்களேன் என்றேன். வாசனை போனாலும் கசப்பு போகவில்லை அண்ணா. முகத்தைச் சுளித்தார். "வெந்தயம் ஏறிப்போச்சு. எத்தன தரம் சொன்னேன்" என்று எழுந்து உட்கார்ந்தார். சட்டையில் இரண்டு கையையும் அவரே விட்டுக்கொண்டு மில்லுக்கு வந்தார். வறுத்த மல்லியை அளந்து போட்டுச் சரிசெய்தார். அன்று முழுதும் இருந்தார்.

அன்றிலிருந்து நான் தினமும் கெடுக்கிறேன். ஒரு நாள் வெந்தயம், ஒரு நாள் உப்பு, ஒரு நாள் மிளகாயைக் கூட்டி. தினமும் கிண்ணத்தைக் கொண்டுபோய் நிற்கிறேன். மக்கு, மண்டையில் என்ன களிமண்ணா என்று திட்டுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் திட்டியதேயில்லை. இப்போது அந்தத் திட்டு விழுந்தால்தான் எனக்கு அன்றைய சோறு இறங்குகிறது. சில நாள் அவர் சரிசெய்வதற்கு முன்பே கொஞ்சம் தூள் வெளியே போய்விடுகிறது. மூவாரிலிருந்து பொட்டலங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரட்டைத் தென்னை முன்மாதிரி இல்லை என்று பசாரில் பேசுகிறார்களாம். பொன்னம்மா என்னை முறைக்கிறாள். அவளுக்கு மட்டும் நான் கெடுப்பது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஏன் என்று கேட்காமல் உப்பு ஜாடியை என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆனால் இது எத்தனை நாள்? முந்தாநாள் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். நாக்கில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை நகர்த்தினார். என்ன குறை என்று கேட்டேன். "கெட்டா கெட்டுட்டுப் போவுது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்றும் எழவில்லை. இன்றும் எழவில்லை. என்னிடம் வேறு வித்தை இல்லை அண்ணா. எனக்குத் தெரிந்த வழியெல்லாம் தீர்ந்துவிட்டது.

கப்பலுக்குச் சீட்டு எடுங்கள். அம்மாவை அண்ணி பார்த்துக்கொள்ளட்டும், அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், அவர்கள் மறுக்கமாட்டார்கள். வரும்போது சிங்கப்பூர் பேச்சைக் கொண்டுவராதீர்கள். தைரியம் சொல்லாதீர்கள், புகழாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று முதுகில் தட்டாதீர்கள். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்கவே கேட்காதீர்கள். உள்ளே வந்து அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஊரில் இருந்த நாட்களில் உங்களுக்கும் அந்தக் கலவை மறந்துபோய்விட்டது என்று சொல்லுங்கள். தங்கச்சிக்கும் பிடிபடவில்லை, எனக்கும் மறந்துபோச்சு, உன்னைவிட்டால் இந்த உலகத்தில் தெரிந்தவன் யாருமில்லை என்று சொல்லுங்கள். பொய்தான். பாவம் என்னைச் சேரட்டும்.

நீங்கள் கரையிறங்கும்வரை அவர் இருக்க வேண்டும் என்று அங்கே கும்பிடுங்கள். நான் இங்கே பார்த்துக்கொண்டேயிருக்கிறேன்.

சந்திரமதி